ரெஸ்ட் டே எழுதுவது எப்படி? சிறுபாணாற்றுப்படையும் ஈசிஆர் சைக்கிளும்

சைக்கிள் பயணக் கட்டுரைகள் தமிழில் இப்போது நிறைய வருகின்றன. அதில் ஒரு பெரிய பங்கு சென்னையின் தெற்குப் புறநகரிலிருந்து வருகிறது. காரணம் எளிது. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருப்பவருக்கு நகரத்தை விட்டு வெளியேற அரைமணி நேரம் போதும். வண்டலூரில் இடதுபக்கம் திரும்பினால் கேளம்பாக்கம், அப்புறம் திருப்போரூர், மாமல்லபுரம், ஈசிஆர். கடலை இடதுகைப் பக்கம் வைத்துக்கொண்டு மிதித்தால் சுமார் 140 கிலோமீட்டரில் பாண்டிச்சேரி. சனிக்கிழமை விடியும் முன் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் பாண்டி. ஞாயிறு ரெஸ்ட் டே. திங்கள் லீவு போட்டுத் திரும்பி வருவார்கள்.

இந்தக் கட்டுரைகளில் நாலைந்தைச் சேர்த்துப் படித்தால் ஒரு அச்சு தெரிந்துவிடும். அலாரம், இருட்டு, ஹெட்லைட், கோவளம் தாண்டிய சூரியன், இளநீர், ஒரு பங்க்சர், மரக்காணம் உப்பளத்தில் போட்டோ, எதிர்க்காற்று, ஸ்ட்ராவா கணக்கு. போகிற வழிக்குப் பத்துப் பத்தி. ஓய்வு நாளுக்கு மூன்று வரி: லேட்டாக எழுந்தோம், பிரெஞ்சுத் தெருக்களில் நடந்தோம், கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு கிளாஸ் ஒயின். அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பெங்களூருக்கு அந்தப் பக்கம் நந்தி மலை ஏறி, அடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள். நாசிக்வரை போகிறவர்களும் உண்டு. அங்கேயும் ஓய்வு நாள் அதே மூன்று வரிதான். கிளாஸ் மட்டும் மாறுகிறது.

அந்த மூன்று வரி ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதே என் கேள்வி. எழுதத் தெரியாததால் என்று சொல்ல முடியாது. எதிர்க்காற்றைப் பற்றி அழகாக எழுதுகிற அதே ஆள்தான் ஓய்வு நாளில் ஓட்டல் மெனுவை ஒப்பிக்கிறார். ஏதோ ஒன்று அவர் கண்ணில் படவில்லை.

1

சைக்கிள் மிதிக்கும்போது கதாநாயகன் யார் என்பதில் குழப்பமே இல்லை. என் தொடை, என் மூச்சு, என் கிலோமீட்டர். உடல் உழைக்கிறது, அதனால் எழுத்தில் உயிர் இருக்கிறது. ஓய்வு நாளில் அந்த உழைப்பு நின்றுவிடுகிறது. ஆனால் உலகத்தில் உழைப்பு நிற்கவில்லை, கை மாறியிருக்கிறது. நான் மிதிக்காத நாளில் எனக்காக யாரோ அறையைக் கூட்டுகிறார், மீன் வறுக்கிறார், பாட்டில் திறக்கிறார், என் செயினுக்கு எண்ணெய் போடுகிறார். ஓய்வு நாளை எழுதுவது என்றால் இந்தக் கைமாற்றத்தை எழுதுவது. அதைப் பார்க்கவில்லை என்றால் எழுத எதுவும் மிச்சமில்லை, மெனுதான் மிச்சம்.

ஜெரோம் கே. ஜெரோம் 1900இல் வெளியிட்ட 'திரீ மென் ஆன் தி பம்மல்' மூன்று ஆங்கிலேயர்கள் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் சைக்கிளில் சுற்றுகிற கதை. அதில் சைக்கிள் விளம்பரப் போஸ்டர்களைக் கிண்டல் செய்கிற இடம் ஒன்று வருகிறது. போஸ்டரில் இருப்பவர்கள் யாருமே மிதிப்பதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், வண்டி தானாகப் போகிறது. ஓட்டுகிறவர் உழைக்கிற மாதிரி இருந்த ஒரே ஒரு போஸ்டர்தான் அவருக்கு ஞாபகம் வருகிறது. அந்த ஆளையும் ஒரு காளை துரத்திக்கொண்டிருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கிண்டல் பழசாகவில்லை. நம்முடைய ஓய்வு நாள் பத்திகள் அந்தப் போஸ்டர்களின் வாரிசுகள். எல்லாம் தானாக நடக்கிறது. மீன் தானாக வறுபடுகிறது.

சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றிலேயே ஓய்வு நாளுக்கு ஒரு வினோதமான இடம் இருக்கிறது. 1903இல் நடந்த முதல் டூர் டி பிரான்ஸ் 19 நாளில் 6 கட்டம். தூரம் 2,428 கிலோமீட்டர். ஒயினுக்குப் பெயர்போன போர்தோ நகரமும் வழியில் ஒரு நிறுத்தம். இன்றைக்கு 21 கட்டத்துக்கு 2 ஓய்வு நாள் என்றால், அன்றைக்கு ஓட்டிய நாளைவிட ஓய்ந்த நாள் அதிகம். அந்தப் பந்தயத்தை நடத்தியது 'லோத்தோ' என்ற பத்திரிகை, விற்பனையைக் கூட்டுவதற்காக. சாலையில் நடந்தது கதையாக ஆவதற்கும் நேரம் வேண்டும் அல்லவா? ஓய்வு நாள்தான் எழுதுகிறவனின் நாள். நம் பயணக் கட்டுரைகளில் அந்த நாளே ஊமையாக இருப்பது அதனால்தான் உறுத்துகிறது.

2

இப்போது ஈசிஆருக்கே திரும்பலாம். கல்பாக்கம் தாண்டிப் போகும்போது இடைக்கழிநாடு என்று ஒரு பெயர்ப்பலகை வரும். பெரும்பாலான ரைடர்கள் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எழுதியவர் பெயர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இந்தப் பாட்டு 269 அடி; உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது நச்சினார்க்கினியர் உரையோடு அச்சுக்கு வந்தது. பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். ஓய்மா நாடு என்பது இன்றைய திண்டிவனம், மரக்காணம் வட்டாரம். அவன் ஊர் கிடங்கில், இன்றைக்குத் திண்டிவனத்தோடு ஒட்டிய பகுதி. பாட்டில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பக்கம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுவார்கள். வேலூர் என்று வருவதை உப்புவேலூர் என்று சொல்வதுண்டு.

நம்ம ஆட்கள் உப்பளத்தில் சைக்கிளைச் சாய்த்து போட்டோ எடுக்கிற அதே பாதையில் தமிழின் மிகப் பழைய பயணப் பாட்டுகளில் ஒன்று நடக்கிறது. அதிலும் குடி இருக்கிறது, மீன் இருக்கிறது, ஓய்வு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

முதலில் கவனிக்க வேண்டியது, பாட்டு தொடங்குவதே ஓய்வில் என்பது. பாலை வழியில் ஒரு மராமரம், கோடு கோடாக விழும் அதன் நிழல். நடந்து களைத்த விறலியர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காலடி, ஓடி இளைத்த நாயின் நாக்குப் போல ஆகியிருக்கிறது. கூட வந்த இளைஞர்கள் அந்தக் காலை மெதுவாகப் பிடித்துவிடுகிறார்கள். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்த இடம் உடனே புரியும். ஓய்வு என்பது இங்கே மனநிலை கிடையாது. வலிக்கிற கால், அதைப் பிடிக்கிற கை. இரண்டும் ஒரே காட்சியில் இருக்கின்றன.

அப்புறம் வழிகாட்டுகிற பாணன் பேசுகிறான். எயிற்பட்டினத்துக்குப் போனால் என்ன கிடைக்கும்? பழைய, நன்றாக முதிர்ந்த தேறல் கிடைக்கும். அது எப்படி வந்தது என்பதையும் அவன் விடாமல் சொல்கிறான். கடலலை கரையில் கொண்டுவந்து போட்ட வாசனை மரக்கட்டைகள், தூங்குகிற ஒட்டகங்கள் மாதிரிக் கிடக்கின்றன. அதை விறகாக்கித் தீ மூட்டுகிறார்கள், கரும்புகை எழும்புகிறது. நுளையர் குலப் பெண் அந்தத் தேறலை வடிக்கிறாள். பரதவர் அதைக் கொண்டுவந்து குடிக்கத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள, உலர்ந்த குழல் மீனைச் சுட்டது. ஒரு வாய் தேறலுக்குப் பின்னால் விறகு, புகை, வடிக்கிற பெண், எடுத்து நீட்டுகிற ஆள் எல்லாம் வரிசையாக வந்துவிடுகிறார்கள்.

வேலூரில் எயினர் பெண்கள் சமைத்த புளிச்சோறும் சுட்ட ஆமான் கறியும். ஆமூரில் உழவரின் தங்கை வழிமறித்துச் சாப்பிடச் சொல்கிறாள். வெள்ளைச் சோறு, நண்டுக் கறியோடு. அந்த அரிசியைக் குற்றிக் குற்றி உலக்கையின் இரும்பு முனை தேய்ந்திருக்கிறது என்று புலவர் சொல்கிறார். விருந்தாளிக்கு முன்னால் இருப்பது சோறு மட்டும்தான். உலக்கை சமையற்கட்டின் மூலையில் சாய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தை அவர் எப்படியோ இலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார். நம் பாண்டிச்சேரிப் பத்திகளில் இல்லாதது இந்தத் தேய்ந்த இரும்புதான்.

கடைசியில் நல்லியக்கோடன் ஒரு தேர் தருகிறான். அதைச் சொல்லும்போதும் கைவேலைக்காரர்களின் வலிய உழைப்பில் முடிந்த தேர் என்ற குறிப்பு வந்துவிடுகிறது. வண்டியைப் புகழும்போது அதைச் செய்தவனையும் சேர்த்துப் புகழ்கிற பழக்கம் அது. கார்பன் ஃபிரேமின் எடையைக் கிராம் கணக்கில் எழுதுகிற நாம், வீல் கோட்டம் எடுத்துக்கொடுத்த தெருமுனை மெக்கானிக்கை ஒரு வரியில்கூட எழுதுவதில்லை.

3

பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டியதில்லை. அதற்கும் குறை உண்டு. நுளையர் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. அவள் முகமும் பார்வையும் வர்ணிக்கப்படுகின்றன; அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு சொல் இல்லை. அவள் வடித்த தேறலின் புகழ் கடைசியில் போய்ச் சேர்வது நல்லியக்கோடன் கணக்கில்தான். இவ்வளவு வளமான நாட்டை ஆள்பவன் என்று காட்டுவதற்காகத்தான் அந்த அடுப்பு எரிகிறது. இன்றைய சுற்றுலா விளம்பரத்துக்கும் இதற்கும் ஒரு சொந்தம் இருக்கிறது, மறுக்க முடியாது.

ஆனாலும் ஒரு இடத்தில் பாட்டு விளம்பரத்தை விட்டு விலகிவிடுகிறது. பரிசு பெற்று வருகிற பாணன், முன்பு தன் வீட்டில் இருந்த நிலையைச் சொல்கிற இடம். இடிந்த அடுக்களை. குட்டி போட்ட நாய் பசியில் குரைக்கிறது, குட்டிகளுக்குக் கொடுக்கப் பால் இல்லை. பசியில் இளைத்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பமே சேர்ந்து அதைச் சாப்பிடுகிறது.

இந்த இடத்தை வாசித்துவிட்டு எயிற்பட்டினத்துக் கடற்கரைக்குப் போனால் அந்தத் தேறலின் ருசியே வேறு. இன்றைக்கு உப்புக் குவியல் குவியலாகக் கிடக்கும் அந்தக் கரைக்கு, உப்பில்லாத கீரை தின்றவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு சம்பாதித்த விடுமுறை அல்ல. உயிர் மிஞ்சியதற்கான இளைப்பாறல். யாருடைய ஓய்வு என்ற கேள்விக்குப் பாட்டு தெளிவாகப் பதில் சொல்கிறது: களைத்தவனுடைய ஓய்வு, பசித்தவனுடைய ஓய்வு.

நம் சாலைகளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. பழைய வழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தது. தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் சுமையை அதில் மாற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கலாம், பிறகு குனியாமல் மறுபடியும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக, மற்றவர்கள் சுமையை இறக்கி வைக்க ஒரு இடம். தமிழ்நிலத்தில் ஓய்வுக்கென்று கட்டப்பட்டவற்றில் இதைவிட நுட்பமான ஒன்றை எனக்குத் தெரியாது. இது சுமக்கிறவரின் உயரத்தை அளந்து செய்தது.

4

சுமக்கிறவர் இன்றைக்கும் அதே சாலையில்தான் இருக்கிறார். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு முடிச்சூர் ரோட்டிலோ வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டிலோ இரண்டு வகை சைக்கிள் போகும். ஒன்றில் ஹெல்மெட், பின்னால் சிவப்பாக மினுக்கும் விளக்கு. இன்னொன்றில் கேரியரில் டிபன் பாக்ஸ், விளக்கு கிடையாது. நைட் டியூட்டி முடித்த வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகும் வெளிமாநிலத்து ஆள், பேப்பர் போடும் பையன். இருவரும் ஒரே காற்றில் மிதிக்கிறார்கள். 'ரெஸ்ட் டே' என்ற சொல் முதலாமவரிடம் இருக்கிறது. இரண்டாமவரிடம் இருப்பது 'லீவு'. லீவு போட்டால் அன்றைக்குக் கூலி இல்லை.

சைக்கிளே ஓய்வு தருகிற கருவியாக இருந்த ஒரு காலத்தை பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1996இல் வந்த அவருடைய 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிரவுட்' புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. விளைபொருள் விற்கப் போகும் பெண்களுக்குச் சைக்கிளால் என்ன லாபம் என்று அதில் ஒரு கணக்கு வருகிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம், விற்க அதிக நேரம், அதிக ஊர்களைச் சுற்றலாம். பட்டியலின் கடைசியில்தான் வருகிறது: வேண்டுமென்றால் ஓய்வுநேரமும் கூடும்.

எனக்கு அந்தக் கடைசி வரி முக்கியமாகப் படுகிறது. சாய்நாத் அதை ஒரு லாபமாகக் கணக்கில் ஏற்றுகிறார். வீணான நேரமாகப் பார்க்கவில்லை. தண்ணீர் எடுத்து, பிள்ளையைத் தூக்கி, சந்தைக்குப் போய் வந்த பெண்ணுக்கு மிஞ்சிய அரைமணி நேரம் ஒரு செல்வம். அந்தக் கட்டுரையில் திராட்சைத் தோட்டம் கிடையாது, கடற்கரை ஓட்டல் கிடையாது. ஆனால் ஓய்வைப் பற்றி நம் காலத்தில் எழுதப்பட்ட நல்ல பக்கங்களில் அதுவும் ஒன்று. ஓய்வுக்கு என்ன விலை என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

5

ஒயின் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் யாரிடமாவது 'ஒயின்' என்றால் அவர் காட்டுகிற இடத்தில் திராட்சைக்கு வேலை இருக்காது. ஒயின்ஷாப் என்றால் சாராயக்கடை. பிராந்தி, ரம், பீர். 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்ட பிறகும் ஜனங்கள் வாயில் அந்தப் பழைய பெயர் போகவில்லை. பாண்டிச்சேரியில் கண்ணாடிக் கிளாஸில் வரும்போது அது ஒயின். இங்கே கம்பி வலைக்குப் பின்னாலிருந்து வரும்போது சரக்கு. ஓட்டி முடித்தவன் குடித்தால் அனுபவம், மூட்டை தூக்கி முடித்தவன் குடித்தால் குடிப்பழக்கம்.

இந்த வித்தியாசம் சொல்லோடு நிற்பதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவக் கிராமத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்தவர்கள் சாகத் தொடங்கினார்கள். அதே நாட்களில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள். நத்தத்தனார் பரதவர் கையால் பழைய தேறலை வாங்கிக் கொடுத்த அதே கடற்கரை வட்டாரம் அது. வேலை முடிந்த உடம்பு ஒரு மிடறு இளைப்பாறலுக்குக் கை நீட்டியபோது, அந்தக் கையில் விழுந்தது தொழிற்சாலை ரசாயனம்.

ஈசிஆர் வழியாகப் பாண்டிக்குச் சைக்கிளில் போய் ஓய்வு நாளைப் பற்றி எழுதுகிறவர் கட்டுரையில் எக்கியார்குப்பம் கட்டாயம் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லாக் கட்டுரையிலும் சாவைக் கொண்டுவந்து நிறுத்துவதும் ஒருவிதப் போஸ்டர்தான். ஆனால் அந்த ஊர் வழியாக மிதித்துப் போய், அடுத்த நாள் கிளாஸைக் கையில் எடுத்து, அந்தக் கிளாஸைப் பற்றி எழுத உட்காரும்போது, இந்தக் கடற்கரையில் யாருக்கு நிம்மதியாகக் குடித்து ஓய்வெடுக்க முடிகிறது, யாருக்கு முடிவதில்லை என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். நின்றால் வாக்கியத்துக்குக் கனம் வரும்.

எழுதுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது குற்றவுணர்ச்சி இல்லை. 140 கிலோமீட்டர் மிதித்தவர் தாராளமாகத் தூங்கட்டும், குடிக்கட்டும், கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கட்டும். சும்மா இருப்பதும் ஒரு உரிமைதான். எதிர்பார்ப்பது கவனம். நேற்று முழுவதும் உங்கள் தொடை வலியைக் கிலோமீட்டர் கிலோமீட்டராகக் கவனித்தீர்கள் அல்லவா? அதே கவனத்தில் கொஞ்சத்தை இன்று மீன் வறுக்கிற அக்காவின் தோளுக்குக் கொடுங்கள். மதியம் எத்தனை மணிக்கு அவர் உட்காருகிறார், எதன் மேல் உட்காருகிறார், உட்கார்ந்தால் முதலாளி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். உப்பளத்தில் போட்டோ எடுக்கும்போது வரப்பில் நிற்கிறவரை பிரேமிலிருந்து நகரச் சொல்லாதீர்கள். "அண்ணே, உங்களுக்கு லீவு என்னிக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்கள் ஓய்வு நாளின் முதல் வரியாக இருக்கலாம்.